ஒரே பாட்டில் வளர்ந்துவிடும் பிள்ளை
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

     

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியைப் பற்றிப் பேசுவது நமக்கு அன்றாடப் பிழைப்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறோம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஆகவே இன்று ஒரு நாளாவது, பிள்ளைகள் கொட்டாவி விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாமே என்று எண்ணினோம். காட்சியோடு கூடிய பாடல்களே அவை. திரைப்படத்தில் வருவன, தனியாக யூடியூபில் வெளியிடப்படுவன, செல்பேசியில் அரை நிமிடத் துண்டுகளாகச் சுற்றுவன ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். ஒரு மனிதப் பிள்ளை வளர்வதை இப்பாடல்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பதே நமது பேச்சு.

தலைமையாசிரியர் சினிமாப் பாட்டைப் பற்றியா பேசுவது என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆண்டு விழாவில் திரைப்பாடலுக்கு ஆடக் கூடாது என்று தடை போட்டவரும் நாமே. அத்தடையால் விளைந்த நன்மை யாதென்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

1980களில் நாம் பள்ளி மாணவராய் இருந்தபோது வெள்ளிக்கிழமை மாலைதோறும் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' வரும். நம் தெருவில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. அவ்வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய உறவினரும் உள்ளே பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். நாம் வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முகவாயை வைத்துப் பார்ப்போம். சில வெள்ளிக்கிழமைகளில், விருந்தினர் வந்திருந்தால், சன்னலைச் சாத்திவிடுவார்கள். சாத்திய பின்னும் நாம் போகமாட்டோம். அன்று ஒலி மட்டும் நம்முடையது, ஒளி அவர்களுடையது. பாட்டைக் கேட்டுக் காட்சியை நாமே கற்பனை செய்துகொள்வோம். அந்தக் கற்பனையில் கதாநாயகனின் முகம் எவ்வாறு இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறோம். நம் முகமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அக்காலப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். சிறுவன் ஒருவன் ஓடுவான். தாயை இழந்தோ, அநீதி கண்டோ, வெறுங்காலோடு ஓடுவான். கேமரா அவனுடைய கால்களைக் காட்டும். கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னணியில் பாட்டோ வாத்தியமோ உச்சத்திற்கு ஏறும். அடுத்த நொடி அவை பெரிய கால்களாகிவிடும். மேலே பார்த்தால் மீசையும் மார்பும் கொண்ட கதாநாயகன் நிற்பான். கொட்டகையில் சீழ்க்கை ஒலி எழும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே வெட்டில் போய்விட்டன. படத்தொகுப்பாளர் கத்தரியால் நறுக்கிய அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நாம் அன்று கேட்டதில்லை.

வளர்ந்த பிறகு முன்னேறுவதும் இப்படித்தான். 1997இல் விக்ரமன் இயக்கத்தில் வந்த 'சூரியவம்சம்' படத்தில் 'நட்சத்திர ஜன்னலில்' என்றொரு பாட்டு உண்டு. பாட்டுத் தொடங்கும்போது எளிய கணவனும் மனைவியுமாக இருப்பவர்கள், அது முடிவதற்குள் அவர் பேருந்து முதலாளியாகவும் அவர் மனைவி மாவட்ட ஆட்சியராகவும் வளர்ந்துவிடுகிறார்கள். இன்றைய இளைஞர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரே பாட்டில் முன்னேறுவது என்றால் எல்லார்க்கும் இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. 1999இல் வந்த 'படையப்பா'வில் 'வெற்றிக் கொடி கட்டு' பாடலிலும் பாறை உடைப்பவர் செல்வராகிவிடுகிறார். நாம் இவற்றைப் பழிக்க வரவில்லை. நல்ல மெட்டு, உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கை. நாமும் முணுமுணுத்திருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், ஆசிரியர் வாராத பாடவேளையில் நாம் போய் அமர்ந்தோம். பேச்சு எப்படியோ இப்பாடலுக்கு வந்தது. கடைசி இருக்கையில் இருந்த ஒரு பையன், பரீட்சைத் தாளில் பெயரைத் தவிர அதிகம் எழுதாதவன், எழுந்து கேட்டான்: "ஐயா, அந்த அக்கா கலெக்டருக்குப் படிக்கிறப்போ யாருங்க ஐயா காசு கட்டினது? சாதிச் சான்றிதழ் வாங்க யார் போனது?" வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தாயார் அவனது சான்றிதழுக்காக அதற்கு முந்தைய மாதம்தான் மூன்று நாள் கூலியை இழந்து ஓர் அலுவலக வாயிலில் நின்றிருந்தார். கத்தரித்த இடத்தில் என்ன இருந்தது என்று நாற்பது ஆண்டுகள் நாம் கேட்காத கேள்வியை அந்தப் பையன் கேட்டுவிட்டான்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். பள்ளி 12 ஆண்டு. பட்டம் 3 ஆண்டு. ஆட்சிப்பணித் தேர்வு எழுதக் குறைந்தது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகள். அறிவிப்பிலிருந்து முடிவு வரை ஓராண்டுக்கு மேல் ஆகும். முதல் முறையே தேறினாலும் 16 ஆண்டுகளுக்குக் குறையாது. பாட்டோ ஐந்து நிமிடம். அப்பதினாறு ஆண்டுகளுக்குள் இருப்பவை எவை? பட்டியல் மாணவர்களே சொன்னார்கள். விடுதியில் சாம்பாரில் மிதக்கும் ஒற்றைக் கத்தரிக்காய். வங்கிக் கணக்கில் வந்து சேராத உதவித்தொகை. ஞாயிற்றுக்கிழமைச் சித்தாள் வேலை. அண்ணனின் பழைய சட்டை. ஆங்கில ஆசிரியர் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று குனிந்துகொள்ளும் தலை. ஒரு பெண், "அப்பா குடிச்சிட்டு வர்ற ராத்திரி" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டாள். அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அப்பட்டியலில் உள்ள உதவித்தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944இல் தொடங்கப்பெற்றது. எண்பது ஆண்டுகளாக எத்தனை இலட்சம் பிள்ளைகளை அது வளர்த்திருக்கும்! ஒரு பாட்டிலாவது அதைப் பற்றி ஒரு வரி வந்திருக்கிறதா? மெட்டுக்குள் அடங்காத சொல் என்று கவிஞர்கள் சொல்லக்கூடும். அம்மாவும் அன்பும் அடங்கும்போது இது ஏன் அடங்காது என்பது நம் ஐயம்.

அண்ணலின் பிள்ளைப் பருவத்தையே பாருங்கள். அவர் தம் நினைவுக் குறிப்பில் 1901ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். தந்தையார் கோரேகானில் காசாளராக இருந்தார். கோடை விடுமுறைக்கு வருமாறு எழுதியிருந்தார். சாத்தாராவிலிருந்து சிறுவர்கள் புறப்பட்டார்கள். புதிய சட்டை, பளபளக்கும் தொப்பி, புதிய காலணி, பட்டுக்கரை வேட்டி. ஒரு பாடலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? புது உடுப்பணிந்த பிள்ளைகள், முதல் ரயில் பயணம், காத்திருக்கும் தந்தை! ஆனால் மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவர்கள் இன்னார் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இரட்டிப்பு வாடகை தந்து, மாட்டைத் தாங்களே ஓட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பிறகே ஒரு வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் உடன் நடந்து வந்தார். கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமையால் உண்ண முடியாமல் இரவைக் கழித்துப் போய்ச் சேர்ந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை அந்த ஓர் இரவில் வளர்ந்த வளர்ச்சியை எந்தக் கத்தரியால் வெட்டி ஒட்டுவது? ஓடும் கால்கள் அங்கே உதவா. அது மெல்ல அசையும் மாட்டு வண்டி. தாகத்தோடு அசையும் வண்டி.

பழைய பாட்டில் விடுபட்டது இதுதான் என்று நாம் கருதுகிறோம். பிள்ளை வளர்வதற்கு இடைப்பட்ட காலம் வேண்டும். அக்காலத்தில் யாரோ ஒருவர் உடன் இருக்க வேண்டும். பாட்டு இரண்டையும் மறைத்துவிட்டு, தனியொருவனின் தோளைத் தட்டிக்கொடுத்தது.

இப்போது சில ஆண்டுகளாக நிலைமை மாறி வருகிறது. 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவை அமைத்தனர். பண்டிதர் அயோத்திதாசர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்னும் கருத்திலிருந்து பெற்ற பெயர் அது. 2018 சனவரியில் சென்னையில் அவர்களின் முதல் மேடை நிகழ்ந்தது. அக்குழுவிலிருந்து வந்தவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு, பொறியியல் படித்தவர். 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாடலை இங்கு பார்க்காத பிள்ளை இராது. உலகெங்கும் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டுவிட்டது.

அதில் வளர்தல் எப்படிக் காட்டப்படுகிறது? ஓட்டம் இல்லை. பாடுபவர் தம்மை ஒரு பாட்டியின் பேரன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அவர் பாட்டியாரே காட்சியில் தோன்றுகிறார். நம் தெருவிலும் வயலிலும் காணும் முகங்கள், குழி விழுந்த கன்னங்கள், அணிகலன்களோடும் வண்ண ஆடைகளோடும் அரச குடும்பம் போல் அமர்ந்திருக்கின்றன. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து திரும்பியவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் எழுதி, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. மக்களை மூட்டை எண்ணுவது போல் எண்ணிய அவ்வொப்பந்தம் நம் பாடநூலில் ஒரு வரி. மரம் வைத்துத் தோட்டம் வளர்த்தும் தம் தொண்டை நனையவில்லையே என்ற பொருளில் அப்பாட்டில் வரும் ஏக்கம் அந்த ஒரு வரிக்கு உரை. நம் பள்ளி மாணவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, "எங்க ஆயாவும் கண்டியிலிருந்து வந்தவங்கதான் ஐயா, எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றாள். பதினான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்த ஆயாவிடம் அவளைக் கேள்வி கேட்க வைத்தது அந்தப் பாட்டு.

இதற்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் மேடையேறியபோது அறிவு அங்கில்லை. அதனையொட்டிப் பெரும் விவாதம் எழுந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கைத் தீர்க்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் அன்று மாலைப் பள்ளியில் பிள்ளைகள் காரசாரமாக வாதிட்டதைக் கண்டோம். உழைத்தவன் பெயர் எங்கே என்று கேட்கப் பழகுவது நல்ல பாடம், அதை நாம் நடத்தவில்லை, பாட்டு நடத்தியது.

மாரி செல்வராஜின் படங்களுக்கு வருவோம். 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்வதில் படம் தொடங்குகிறது. அந்த நாய்க்கு ஊரே ஒப்பாரி வைக்கிறது. நாய்க்கு ஒப்பாரியா என்று கேட்பவர்கள் அப்பிள்ளைகளின் தெருவில் வளர்ந்ததில்லை. 'நான் யார்' என்ற பாடலில் அவ்விளைஞன் நீல வண்ணம் பூசிய உருவமாகத் தோன்றுகிறான். நீலம் யாருடைய நிறம் என்று இம்மண்டபத்தில் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. பின்சுவரில் தொங்கும் பதாகையைப் பார்த்தாலே போதும். இவன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் விழிக்கும் முதல் தலைமுறை மாணவன். பாட்டின் முடிவில் இவன் செல்வன் ஆவதில்லை. எவரையும் வீழ்த்துவதும் இல்லை. தான் யார் என்ற வினாவோடு நிற்கிறான். வளர்தல் என்பது விடை கிடைப்பது என்று நினைத்திருந்த நமக்கு, வினா பிறப்பதும் வளர்தலே என்று அவன் காட்டினான்.

2024 ஆகஸ்டில் வந்த 'வாழை' இன்னும் நெருக்கமானது. இயக்குநர் தம் பிள்ளைப் பருவத்தை அடியொற்றி எடுத்த படம். வாரநாளில் பள்ளி, விடுமுறையில் வாழைத்தார் சுமத்தல். சேற்று வரப்பில் கழுத்து நோகத் தார் சுமக்கும் பிள்ளையைப் பாட்டுக் காட்சியிலேயே காட்டுகிறார்கள். நம் பையன் கரும்பலகைக் கணக்கில் சொன்ன அந்தச் சித்தாள் வேலை முதன்முறையாகப் பாட்டுக்குள் வந்துவிட்டது! சுமைக்குப் போகாமல் பள்ளி நடன ஒத்திகைக்கு ஓடிய காரணத்தால் சிவனணைந்தான் பிழைக்கிறான். சுமைக்குப் போன அக்காள் லாரி கவிழ்ந்து மடிகிறாள். பள்ளி நடனத்தைத் தடை செய்த தலைமையாசிரியர் அக்காட்சியைப் பார்த்தபோது என்ன நினைத்தார் என்று கேட்காதீர்கள்.

இனிப் பெண்பிள்ளைகள். திரைப்பாட்டில் பெண் வளர்வதற்கு ஓட்டம்கூடக் கிடையாது. பாவாடை சட்டையோடு கதவுக்குப் பின்னே மறைவாள். தாவணியோடு வெளியே வருவாள். அவ்வளவே அவள் வளர்ச்சி. திரையில் நின்றிருந்தால் போகட்டும் என்று விடலாம். இப்போது நம் தெருவிலேயே மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வீடியோக்காரர் வந்து பாட்டுப் படம் எடுக்கிறார். பெண்ணை வயல்வெளிக்கும் குளக்கரைக்கும் அழைத்துப் போய், குடை பிடிக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கச் சொல்லி, நான்கைந்து சினிமாப் பாட்டுக்கு ஒட்டிக் கொடுக்கிறார். ஒரு தந்தை பெருமையோடு தம் செல்பேசியில் காட்டினார். பதினான்கு நிமிடம். அப்பெண் வகுப்பில் முதல் மாணவி. படத்தில் ஓரிடத்திலும் அவள் கையில் புத்தகம் இல்லை. கேட்டோம். "வீடியோக்காரர் அதெல்லாம் கேக்கலீங்க ஐயா" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. அவ்விழாவுக்கு வாங்கிய கடனைச் சொன்னபோதுதான் குரல் தாழ்ந்தது. அவள் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை, பிறகு வந்தாள். வாராமலே போனவர்களும் உண்டு. நம் வீட்டு அலமாரியிலும் அத்தகைய குறுந்தகடு ஒன்று கிடக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

பெண் தானே பாடத் தொடங்கினால் காட்சி மாறுகிறது. வடசென்னையில் கானா என்றால் ஆண்களின் பாட்டு என்றிருந்த நிலையில், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் நின்று பாடியவர் இசைவாணி. 2020ஆம் ஆண்டின் 100 பெண்கள் என்று பி.பி.சி. வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பஞ்சாபில் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி சிறுமியாக இருந்தபோதே மேடையேறியவர். உடன் பயின்ற ஒருத்தி அவரிடம் சாதியைக் கேட்டு, விடை அறிந்ததும், அவர்கள் அபாயமானவர்களாயிற்றே என்றாளாம். அந்த 'அபாயம்' என்னும் ஆங்கிலச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். 2016 அளவில் அது நாடெங்கும் பேசப்பட்டது. வகுப்பறையில் கேட்ட ஒரு சுடுசொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் நம் பெண்கள் இவ்விருவரையும் பார்க்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆயினும் இதற்காகவே இத்தலைப்பை எடுத்தோம்.

பிள்ளையை ஆணாக்கிக் காட்டும் வேறொரு வகைப் பாட்டும் உண்டு. அங்கே மீசை முறுக்குவதும் அரிவாளைச் சுழற்றுவதும்தான் வளர்ந்ததற்கு அடையாளம். 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்துப் பாட்டு ஊர்வலங்களில் சாதிப் பெருமைப் பாட்டாக ஒலித்ததை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம். அப்படம் தம்மை எவ்வாறு பாதித்தது என்று 2023இல் மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். இன்று அதற்குப் பெரிய படம் தேவையில்லை. ஒரு சாதித் தலைவர் படம், ஓர் அரிவாள், ஒரு மெட்டு, அரை நிமிடம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. கையில் கட்டும் வண்ணக் கயிறும் நெற்றிப் பொட்டும் அதே பாட்டின் மிச்சம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பிள்ளை ஒருவனை, அவனோடு பயின்றவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதன்பின் அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 சூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தார்கள். கயிற்றை அறுத்துவிடலாம். நாமும் கத்தரியோடு வாயிலில் நின்றிருக்கிறோம். காதில் ஓடும் பாட்டை எதைக் கொண்டு அறுப்பது?

அந்நிகழ்ச்சிக்குப் பின் ஒரு வாரம் கழித்து, நம் பள்ளியில், நம் தெருவைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் ஸ்டேட்டஸில் நீலப் பின்னணியில் ஓர் அரிவாளும் ஆவேசப் பாட்டும் இருப்பதாக ஆசிரியர் ஒருவர் வந்து சொன்னார். அவனை அழைத்தோம். நம் கழகத்தின் மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவன் அவன். அஞ்சாமல் நின்றான். "அவங்க வைக்கிறாங்க, நாங்களும் வைக்கிறோம். வைக்கலேன்னா பயந்துட்டோம்னு நினைப்பாங்க ஐயா" என்றான். நமக்கு உடனே விடை வரவில்லை. அகிம்சை என்று சொல்லலாம். வெட்டுப்பட்டவனிடம் சொல்ல வேண்டிய சொல்லா அது? சட்டம் என்று சொல்லலாம். வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்று அவன் திருப்பிக் கேட்பான்.

அவனை அமரச் செய்து, நம் செல்பேசியில் 'நான் யார்' பாட்டைப் போட்டோம். அவன் ஏற்கெனவே பலமுறை பார்த்தது. இம்முறை பாட்டு முடிந்ததும், "இவன் பயந்தவனா?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசாமல் இருந்தான். "இல்லீங்க ஐயா. ஆனா இவன் அடி வாங்கிக்கிட்டே இருக்கானே" என்றான். உண்மைதான். அப்படத்தின்மீது அவன் வைத்த குறை நியாயமானது. அதற்கும் நம்மிடம் முழு விடை இல்லை. மறுநாள் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டான். நாம் சொன்னதற்காக எடுத்தானா, பொதுத்தேர்வு அச்சத்தில் எடுத்தானா என்று அறியோம். இப்போது ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சி பெறுகிறான். இதோ இவ்விழாவின் ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தவன் அவன்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

நாங்குநேரிப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேறிக் கல்லூரியில் சேர்ந்தான். அந்தப் பத்து மாதங்களுக்கு யாரேனும் பாட்டு எழுதினால் கேட்க ஆவலாயிருக்கிறோம். அதில் ஓடும் கால்கள் இராது. கட்டுப் போட்ட கைகள் இருக்கும். விரல் மீண்டும் பேனாவைப் பிடிக்குமா என்ற கவலை இருக்கும். படுக்கையருகே தாய் இருப்பார்.

கடைசியாக ஒரு செய்தி. மாலைப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வெள்ளி விழாவை ஒட்டித் தாங்களே ஒரு காணொளிப் பாடல் எடுத்து வருகிறார்கள். பறையடிக்க நம் பெரியவர் ஒருவர் இசைந்திருக்கிறார். நடவுப் பாட்டின் மெட்டைக் கிழக்குத் தெரு ஆயா சொல்லிக் கொடுத்திருக்கிறார். சொற்கள் பிள்ளைகளுடையவை, இலக்கணப் பிழையைத் திருத்த நாம் முயன்றபோது தடுத்துவிட்டார்கள். பிள்ளை வளர்வதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் இரண்டு வாரம் சண்டை. பையன்கள், ஓடவிட்டுக் காலை மாற்றலாம் என்றார்கள். பழைய வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது பாருங்கள்! பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேறொன்று சொன்னாள். கழகம் தொடங்கிய நாள் முதல் இருக்கும் வருகைப் பதிவேடுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் ஆண்டின் பக்கத்தையும் புரட்டிப் புரட்டிக் காட்டலாம் என்றாள். ஒரே பெயர் ஆண்டுதோறும் வருவது தெரியும். ஒரு பெயர் நடுவில் நின்றுபோவதும் தெரியும் என்றாள். நின்றுபோன பெயர்களில் அவளுடைய அண்ணன் பெயரும் ஒன்று. அதைக் காட்டலாமா என்று கேட்டோம். காட்ட வேண்டும் என்றாள்.

படப்பிடிப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலக அறையில் நடைபெறும். 25 பதிவேடுகளில் 24 கிடைத்துவிட்டன. 2009ஆம் ஆண்டுக்குரியது மட்டும் கறையானுக்கு இரையாகிவிட்டது. அவ்வாண்டில் மாலைப் பள்ளியில் பயின்றவர்கள் எவரேனும் இங்கிருந்தால், உங்கள் பெயரையும், உடன் பயின்றோர் பெயர்களில் நினைவிலிருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதி, விழா முடிவதற்குள் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.